தலைக்கணக்கு

“தலைக்கு இவ்வளவுன்னுதான் அரசு மானியம். இங்க ஈ காக்கா கூட இல்லையேம்மா!”

மின்பணி வகுப்பின் காலி பெஞ்சுகளைப் பார்த்த ஆய்வாளர், விசிறிக்கொண்டிருந்த கோப்பைத் திறந்து பூஜ்யம் போடப் போனார். புயலடித்து மூன்று நாளாக மின்சாரம் இல்லை.

“பிள்ளைங்க எங்க? ஊர் சுத்தப் போயாச்சா?”

“ஆமா சார்,” என்றார் தொழிற்பள்ளியின் ஆட்சிக்குழுத் தலைவி. “குழு கூடி நாங்கதான் அனுப்பினோம்.”

ஆய்வாளர் முறைத்தார். அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் மின்விசிறி சுழன்றது. வெளியே ஒரே ஆரவாரம். எட்டிப் பார்க்க ஓடினார்.

இன்னும் மின்சாரம் வராத அடுத்த தெருவில், கம்பத்துக்குக் கம்பம் மேலே லைன்மேனோடு ஒரு மாணவனோ மாணவியோ ஏறி வேலை செய்துகொண்டிருந்தார்.

இத்தனை வருஷமாகக் கோப்பில் குனிந்தே வருகைக் கணக்கு எடுத்த ஆய்வாளர், அண்ணாந்து நின்று எண்ணத் தொடங்கினார்.