கண்ணயர்ந்தால் கூப்பிடும் கேபின்

ஓட்டை லாரி ஒன்றின் கேபினை வாங்கி, டீசல் ரேஸ் கார் செய்துகொண்டிருந்தான் நிதிலன். எடை குறையட்டுமென்று பாதிக் கூரை, கதவுகள், படுக்கை எல்லாவற்றையும் வெட்டியெறிந்தாயிற்று. டிரைவர் கண்ணயர்ந்தால், ஆளைக் கேமராவில் பார்த்து, அதற்கேற்பப் பிள்ளைக் குரலில் கூப்பிட்டு எழுப்பிவிடும் பெட்டி மட்டும் மிச்சம். ஒருநாள் வேலை அலுப்பில் ஸ்டியரிங்கில் சாய்ந்து அசந்துபோன நிதிலனை அது எழுப்பியது.

"அப்பா, தூங்காதீங்கப்பா!"

"அதையும் கழட்டிப் போடுங்க. என்னால கேக்க முடியல," என்றாள் ஷெட்டுக்குள் வந்த மனைவி மகிழினி. பிள்ளையில்லாத அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் ஸ்பேனரோடு வந்தவன் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான். டிரைவர் சீட்டில் மகிழினி கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தூங்காதீங்கம்மா!"

"தூங்கல கண்ணு," என்றவள், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.