துட்டி வீட்டுக்குப் பட்டன் கிடையாது

“துட்டி வீட்டுல போயி ‘போயிட்டு வாரேன்’னு சொல்லுவியாட்டி?” என்றார் சோலைராஜ்.

ஜெபா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

திரையில் ஒரு சாவு வீடு. கூடத்தில் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கீழே வலது மூலையில் மஞ்சள் பட்டன். அதில் ‘போயிட்டு வாரேன்’ என்று இருந்தது.

“அது தானா வர்றதுண்ணே. எல்லா வீட்டுக்கும் வரும்.”

அவள் சொன்னது சரி. அப்படி நிரல் எழுதியது நான்.

எங்கள் கேமின் நாயகன் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர். வீடு வீடாகப் போவார். வீட்டுக்கு ஒரு கதை. ஒரு வீட்டை விட்டு வெளியே வர அந்தப் பட்டன்தான் வழி. ‘வெளியேறு’ என்று போடாமல் அப்படிப் போட்டதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

ஆனால் துட்டி வீட்டில் யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. இன்னொரு சாவுக்கு வருவேன் என்று அர்த்தமாகிவிடும். சொல்லாமல் எழுந்து போக வேண்டும்.

ஆறு மணிக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டும். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

வீடியோ கேமுக்குக் கதை எழுத ஆள் வேண்டும் என்று சென்ற ஆண்டு நானும் என் மனைவி கல்பனாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டினோம். ராஜபாளையத்திலும் ஒட்டினோம். சம்பளம் எம்புட்டு என்று கேட்டுவிட்டுப் பாதிப் பேர் போனார்கள். ஒருவர் ஹீரோ யார் என்று கேட்டார்.

மிஞ்சியவர்களில் நேரில் வருவது இந்த இருவர்தான். சோலைராஜ் மில்லில் ஷிப்டு முடித்து வருவார். ஜெபா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மற்றவர்கள் வாட்ஸப்பில் இருக்கிறார்கள். சித்திரைக்குப் பிறகு அங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

இந்த கேமும் போட்டிக்குப் போகவில்லை என்றால் குழு இருக்காது. அதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டில் கூடுவோம். இப்போது ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில்.

“பட்டன எடுத்துரு தம்பி,” என்றார் சோலைராஜ்.

“எடுத்தா ஆளு உள்ளேயே மாட்டிக்கிடுவாரு.”

“ரீடிங் எடுக்க வந்தவன் துட்டி வீட்டுலயே குடியிருக்கவா? பொறவு ரேஷன் கார்டுல அவன் பேரயும் சேக்கணும்.”

ஜெபா சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“ஒண்ணையும் அமுக்கக் கூடாதுண்ணே,” என்றாள் என்னிடம். “செத்த நேரம் சும்மா இருந்தா அவரு தானா எந்திரிச்சு வெளிய வரணும்.”

“ஆடுறவன் சும்மா இருப்பானா? ஹேங் ஆயிட்டுன்னு மூடிட்டுப் போயிருவான்,” என்றார் சோலைராஜ்.

“நீங்க மட்டும் அன்னைக்கு என்ன செஞ்சிய? அந்த ஃபேனையே பாத்துக்கிட்டுத்தான இருந்திய.”

சோலைராஜ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் பட்டனை எடுத்தேன். கீபோர்டையும் மவுஸையும் தொடாமல் இருந்தால் ரீடிங்காரர் எழுந்துகொள்வார் என்று மாற்றி எழுதினேன். சோலைராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். படத்தில் ஸ்டூல் மேல் ஒரு டேபிள் ஃபேன் சுற்றியது. பிறகு ரீடிங்காரர் எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் தெருவுக்கு வந்தார்.

“வேலை செய்யுது,” என்றார் சோலைராஜ்.

வெளியே வந்ததும் ஒரு வரி வர வேண்டும். ஆள் போன பிறகு அந்த வீட்டில் இருப்பவர் என்ன செய்தார் என்கிற வரி. எல்லா வீட்டுக்கும் எழுதியிருந்தோம். இந்த வீட்டுக்கு மட்டும் காலியாக இருந்தது.

“ஏட்டி, இவருக்கு ஒண்ணும் எழுதலையா? பொறவு இவரு என்ன செஞ்சாரு?”

“எனக்குத் தெரியலண்ணே. நாம வெளிய வந்தது வரைக்கும்தான எனக்குத் தெரியும்.”

‘நாம’ என்று சொல்லிவிட்டதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

படத்தில் சுவர் வெளிர்பச்சை. என் வீட்டிலும் அந்த நிறம்தான். ஸ்டூலும் ஃபேனும் கூட அப்படித்தான்.

“காலியா இருக்கட்டும்,” என்றார் சோலைராஜ். “அனுப்பிரு.”

நான் லேப்டாப்பை இழுத்துத் தட்டச்சு செய்தேன்.

‘எல்லாரும் போன பிறகு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று அதை எடுத்துக்கொண்டு அவர் தெருமுனை வரை ஓடினார்.’

ஜெபா எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாள். அனுப்பினாள். வாட்ஸப் குழுவில் லிங்க்கைப் போட்டாள்.

கீழே கடைக்காரர் மூன்று டீ கொடுத்துவிட்டார். அதைக் குடித்து முடிக்கும்போது குழுவில் ஒரு செய்தி வந்தது. தேவதானத்திலிருந்து பொன்மணி. அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

ஜெபா சத்தமாக வாசித்தாள். “‘அது யார் செருப்புங்க? எனக்கு மண்டை காயுது. அடுத்த வீட்ட நான் எழுதட்டுமா?’”

அதற்குக் கீழே இன்னொருவர், தானும் ஒரு வீடு எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

சோலைராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரு செருப்பு தம்பி அது? அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் போட்டுக்கிட்டுத்தான வந்தோம்.”

“கல்பனாவோடது,” என்றேன்.