ஒரு நொடி முன்னால்

“நானும் பாத்ததில்லடி, ரெண்டு பேரும் மொத தடவையாப் பாப்போம்” என்று சொல்லித்தான் ஜெசிந்தா தன் தோழி மரகதத்தை அந்த நாடகத்துக்கு இழுத்து வந்திருந்தாள். ஆனால் கிழவர் வேடக்காரர் வேட்டி தடுக்கி விழுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே சிரித்துவிட்டாள். மரகதம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டபோதுதான் சுருக்கென்றது. அதன்பிறகு மரகதம் மேடையைவிட ஜெசிந்தாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். “நெசமாவே நீ இதப் பாத்ததில்லையா?” என்று காதோரம் கேட்டாள். “சத்தியமா இல்லடி. பேசாமப் பாரு.” பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ஜெசிந்தா எதற்கும் சத்தியம் செய்து மரகதம் கேட்டதில்லை. கடைசிக் காட்சியில் இரண்டு தோழிகள் மட்டும் மேடையில் நின்றார்கள். “ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மறைச்சு வச்சிருக்கேன்” என்ற ஒருத்தி, மேற்கொண்டு பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அரங்கமே காத்திருந்தது. இருட்டில் ஜெசிந்தாவின் கை வந்து மரகதத்தின் கையை இறுகப் பற்றியது. மரகதம் இழுத்துப் பார்த்தாள், அது விடவில்லை. மேடையில் தலைகுனிந்து நின்றவள் அந்த ரகசியத்தை இன்னும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் ஜெசிந்தா அழத் தொடங்கியிருந்தாள்.