ஒரு சொட்டும் சிந்தாத மூடி

பாய்மரப் படகொன்றின் பெட்ரோல் தொட்டிக்கு ஒரு மூடி இருந்தது. தன் காவலில் அதற்கு அப்படியொரு பெருமை. அலை எவ்வளவு ஆட்டினாலும் அதைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை.

ஒரு நாள் கடலில் காற்று அடங்கிப் பாய் தொங்கிவிட்டது. நீரோட்டம் படகைப் பாறைகளை நோக்கி இழுத்தது. படகுக்காரர் துணைக்கு வைத்திருந்த எஞ்சினைக் கிளப்பினார். அது கொஞ்ச தூரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது.

"பெட்ரோல் வரலையே அண்ணே," என்றது எஞ்சின்.

"நிறைய இருக்குப்பா. உள்ளே காற்று வந்தால்தானே நான் வெளியே விட முடியும்? என் பக்கமெல்லாம் ஒடுங்கிப்போச்சு, பாரு," என்றது தொட்டி. "மூடி ஐயா, உங்க தலையில இருக்கிற காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?"

"தளர்த்துவதா? இன்றைக்குக் காற்று வரும், நாளைக்கு அதன் சொந்தபந்தமெல்லாம் வரும். என் பணிக்காலத்தில் அது நடக்காது."

"பாறையில மோதினா பணிக்காலமே முடிஞ்சுடுமே," என்றது எஞ்சின்.

"மோதுவோம். ஆனால் சிந்தாமல் மோதுவோம்."

அதற்குள் படகுக்காரரின் கை தொட்டியைத் தடவியது. பக்கங்கள் ஒடுங்கியிருப்பது தெரிந்ததும் மூடியின் தலைத்திருகைத் தளர்த்திவிட்டார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. தொட்டி நிமிர்ந்தது, எஞ்சின் முழங்கியது, பாறைகள் பின்னால் போயின.

மூடி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"எஞ்சின் தம்பி, நான் அனுமதி கொடுத்ததும் எப்படி ஓடுகிறாய், பார்த்தாயா?"