சத்தம் வராத டிஸ்க்

"சீக்கிரம் கெட்டுப்போகக் கூடாது. ஓடுறப்ப சத்தமே வரக் கூடாதுங்க" என்றாள் செந்தாமரை.

விழுப்புரம் கடைக்காரர் ஒரு ஹார்டு டிஸ்க்கை ஓடவிட்டுக் காட்டினார். "காதுல வெச்சிப் பாருங்கம்மா. வீட்ல கொழந்த தூங்குதா?"

"வீட்டுக்காரரு கூடத்துல படுத்துக்கினு இருப்பாருங்க."

மகள் வேறு சாதிப் பையனோடு போன அன்றே அப்பா சுப்புராயன் அவளைத் தலைமுழுகிவிட்டார். "அவ போட்டோ ஒண்ணுகூட கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் அழிச்சிடுவேன்!" என்று கத்தினார். அதன்பின் பேச்சே இல்லை. சாயங்காலமானால் கூடத்தில் டிவியை அலறவிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மதியம் அவர் குறட்டை கேட்டதும், செந்தாமரை படங்களையெல்லாம் புது டிஸ்க்கில் ஏற்றினாள். அது மூச்சுக்கூட விடவில்லை. அறை மூலையிலிருந்த விதைக்கடலைக்கென்று வைத்திருந்த மல்லாட்டை மூட்டைக்குள் ஒளித்துவைக்கக் கையை விட்டாள். அவருடைய துண்டில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது.

இன்னொரு டிஸ்க்.

அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். மல்லாட்டை உடைப்பதுபோல் கடகடவென்று சத்தம். திரையில் பள்ளிச் சீருடையில் மகள் சிரித்தாள்.

கூடத்தில் குறட்டை நின்றது. செந்தாமரை டிஸ்க்கைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

டிவி அலறத் தொடங்கியது.