மஞ்சள் மாத்திரை

அந்தக் குழந்தை அழவில்லை, முனகியது. ஈரத்துணியைப் பிழியும்போது வருமே, அப்படிச் சன்னமாக ஒரு சத்தம். ஒன்றரை வருஷம் ஆகியும் அது சாகிராவின் காதை விட்டுப் போகவில்லை. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பேரன். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கொண்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவளிடம்தான் பக்கத்து வீட்டு ஃபைஸா வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"லாத்தா, உன் மவன் குவைத்துக்குப் போயி எம்புட்டு நாளாச்சு?"

"நிக்காஹ் முடிஞ்சு மூணாம் மாசம் போனவன். ரெண்டு வருஷம் ஆவுது. வர்ற மாசம் லீவுல வர்றான். ஏன்?"

"அப்ப உன் மருமவ எதுக்குப் புள்ளத்தாச்சி மாத்திரை வாங்குறா? பெரம்பலூர் மெடிக்கல்ல என் கண்ணால பார்த்தேன். என் மவளுக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்களே, ஃபோலிக் ஆசிட்டு, அதே அட்டை."

சாகிரா நேரே மருமகள் ஷைமாவின் அறைக்குப் போய் அலமாரியைக் கலைத்தாள். புடவை மடிப்புக்குள் அட்டை. சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை, பாதி காலி.

"என்னடி இது?"

ஷைமாவின் முகம் வெளிறியது. "சத்து மாத்திரை மாமி."

"ஊருல எல்லாரும் கீரை தின்னு சத்தாத்தான் இருக்காங்க. உனக்கு மட்டும் ஒளிச்சு வச்சுத் திங்குற சத்தா?"



"வாயில என்ன கொழுக்கட்டையா?" வாசற்படியிலிருந்து ஃபைஸா கேட்டாள்.

"அல்லா மேல சத்தியமா என் வயித்துல ஒண்ணுமில்ல மாமி."

"அப்ப எதுக்குத் திங்குற?"



சாகிரா போனை நோக்கி நடந்தாள். ஷைமா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம் மாமி. அவங்களுக்குப் போன் போடாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"பாத்தியா லாத்தா, புருஷன் பேச்சை எடுத்ததும் நடுங்குறதை!"

"கையை விடுடி. போய்ப் பெட்டியைக் கட்டு. அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், சாயங்காலம் நீ உங்க வாப்பா வூட்டுல இருப்பே."

வெள்ளிக்கிழமை, அங்கே லீவு. மகன் உபைத் உடனே எடுத்தான். சாகிரா மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"நான்தான் உம்மா வாங்கச் சொன்னேன். நான் வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட ஆரம்பிக்கணுமாம். உண்டாகி மொத மாசத்துலயே புள்ளையோட முதுகுத்தண்டு மூடிடுமாம். அதுக்கப்புறம் சாப்பிட்டா லேட்டுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

சாகிராவுக்குப் போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இதை என்கிட்ட சொன்னா என்னடா? நான் என்ன வேத்தாளா?"

உபைத் தொண்டையைச் செருமினான்.

"டேய், கேக்குறேன்ல?"

"சொல்லக் கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா உம்மா."

"எதை?"

உபைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அவ புதுப்பொண்ணா வந்தப்ப பெட்டியில மாத்திரை கொண்டாந்தாள்ல? அவ சாச்சி புள்ளைக்கு முதுகுல கோளாறுன்னு டாக்டரம்மா முன்கூட்டியே கொடுத்தது. புள்ள உண்டாகாம இருக்கத் திங்குறான்னு நீங்க சாக்கடையில கொட்டிட்டீங்க. அதே மாத்திரைதான் உம்மா இது. அதைச் சாப்பிட்டிருந்தா நம்ம புள்ள தப்பிச்சிருக்கலாமாம். இது தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு அவதான்..."

சாகிரா ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஷைமா பெட்டியைக் கட்டவில்லை. என்ன ஏது என்று எட்டிப் பார்த்த ஃபைஸாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மறு வருஷம் ஷைமாவுக்கு மகன் பிறந்தான், ஒரு குறையும் இல்லாமல். முழுமையானவன் என்ற பொருளில் காமில் என்று பெயர் வைத்தார்கள். சாகிரா மவுத்தாகும் வரை அவனைத் தன் மடியில் வாங்கவே இல்லை.