நான்காவது கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர். அவள் கணினியில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாது. எத்தனை திறந்தாலும் திரையைக் கட்டம் கட்டமாகத் தாமே பங்கு போட்டுக்கொள்ளும். மீட்டிங்குக்குப் போகப் பெரிய மானிட்டரின் கேபிளைப் பிடுங்கினால், அதிலிருந்த மூன்று விண்டோக்களும் லேப்டாப்புக்குள் வந்து ஒண்டிக்கொள்ளும். திரும்பச் செருகினால் சமர்த்தாகத் தத்தம் இடத்துக்குப் போய்விடும்.

அன்று பிடுங்கியபோது நான்கு வந்தன. நான்காவது வெறும் கறுப்பு. மூடினாள். கேபிளைச் செருகியதும் மறுபடி வந்து நின்றது. மற்ற மூன்றும் ஒதுங்கி அதற்கு இடம் விட்டிருந்தன.

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே," என்றார், அறையில் அவளுக்கு ஒரே துணையான பக்கத்து மேஜைக்காரர்.

"இன்னைக்கு ஓரம் கேக்கும், நாளைக்கு என் நாற்காலியைக் கேக்கும். விட்டேனா பாருங்க!"

மானிட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். லேப்டாப்பில் அவளுடைய மூன்று விண்டோக்களையும் காணோம். கறுப்பு மட்டும் திரை முழுக்க நிறைந்திருந்தது.

"அப்படியா சேதி?" என்றாள். மேஜையில் தனியாக இருந்த கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமைத் திறந்தாள். கரண்டே கொடுக்காத மானிட்டரில் மூன்றும் அதனதன் கட்டத்தில் ஒளிர்ந்தன. பின்னாலேயே வந்த மேஜைக்காரர் வாசலில் மலைத்து நின்றார். அவள் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தட்டினாள். எழுத்துகள் விழுந்தன.

ஆளில்லாத அறையில் அவள் நாற்காலி கிறீச்சிட்டது. லேப்டாப்பில் தட்டும் சத்தம் கேட்டது.

அவள் அதைவிட வேகமாகத் தட்டினாள்.